ஓர் அங்குலம், ஒரு மில்லிமீட்டர்

இருபத்தைந்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஒரு வசதி இருக்கிறது. உண்மைக் காரின் ஓர் அங்குலம் மாதிரியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கணக்காகச் சொன்னால் 1.016. 1957ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரில் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 115 அங்குலம். மாதிரியில் அது 116.8 மில்லிமீட்டராக வரவேண்டும். காரின் மொத்த நீளம் 200 அங்குலம்; மாதிரியில் 203 மில்லிமீட்டரும் கொஞ்சமும். பழைய கார்க் கையேட்டில் அங்குலத்தைப் பார்த்துக்கொண்டு, வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரைப் படிக்கலாம். முழு நீளத்துக்கும் சேர்த்தே மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. உப்புத்தாளைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தேய்த்தால் போய்விடும். காரில் அது ஓர் அங்குலம். கூரை ஓர் அங்குலம் தாழ்ந்தால் அது வேறு காராகிவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவை 1958 வரை ஆண்ட ஹார்லி ஏர்ல், அமெரிக்கக் காரை நீட்டுவதும் தாழ்த்துவதுமே தன் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவருடைய ஆட்கள் முழு அளவுக் களிமண் உருவங்களில் கோட்டை ஏற்றியும் இறக்கியும் மாதக்கணக்கில் பாடுபட்டது இந்த ஓர் அங்குலத்துக்காகத்தான். அந்த அங்குலம் ஒரு கிட்டில் பிழையாக வந்திருந்தால், வந்தது வரட்டும் என்று என்னால் விடமுடிவதில்லை.

கிட் என்பது என்ன என்று பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தால் ஒரே துண்டாக வார்த்த கார் உடல் இருக்கும். பிளாஸ்டிக் சட்டங்களில் எஞ்சின், இருக்கை, ஸ்டீயரிங் எல்லாம் உதிரி உதிரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். குரோம் பூச்சு ஏற்றிய பம்பர்கள் தனி உறையில். வினைல் டயர்கள், கண்ணாடிக்கான தெளிந்த பிளாஸ்டிக், எண்பலகைக்கும் எழுத்துக்கும் ஈரத்தில் நழுவும் டீகால் தாள். பெரும்பாலோர் வரைபடத்தைப் பார்த்து ஒட்டி, வண்ணம் அடித்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. சிலர் மட்டும் ஒட்டுவதற்கு முன் அளக்கிறார்கள். அளந்தபின் அறுக்கிறார்கள்.

இந்தப் பொருட்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால்தான் அவற்றின் பிழைகளையும் படிக்கமுடியும். ஏ.எம்.டி. நிறுவனம் 1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் தொடங்கியது. அது முதலில் செய்தது கிட் அல்ல. ஃபோர்டு விற்பனையகங்களுக்கான முழுமையான சிறு கார். வாங்க வந்தவர் மேசைமேல் வைத்துப் பார்ப்பார், கூடவந்த பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும். கார் நிறுவனம் தன் வண்ணங்களைக் காட்டவும் அதையே பயன்படுத்தியது. ஜான் ஹேன்லி நடத்திய ஜோ-ஹான் நிறுவனமும் அதே ஊரில் அதே வேலையைத்தான் செய்துவந்தது. 1958இல் ஏ.எம்.டி. அதே அச்சுகளைக் கொண்டு, அந்தந்த ஆண்டின் காரைப் பிரித்த பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்கரித்தபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி. அமெரிக்கப் பையன்கள் ஒரு தலைமுறையே அதில் கை பழகியது.

கிட்டின் தாய் ஒரு விளம்பரப் பொம்மை என்பது அதன் உடம்பெங்கும் தெரியும். பழைய அமெரிக்கக் கிட்டில் எஞ்சினைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிலிண்டர்களின் நடுவே பக்கவாட்டில் ஓர் ஓட்டை ஊடுருவிப் போகும். எந்தக் கார் எஞ்சினிலும் அப்படி ஓட்டை கிடையாது. முன்சக்கரங்களைக் கோக்கும் இரும்புக் கம்பி போவதற்காக விட்ட வழி அது. பிள்ளைகள் தரையில் வைத்து உருட்டவேண்டும், சக்கரம் கழன்றுவரக்கூடாது. அதனால் எஞ்சினின் வயிற்றைக் குடைந்தார்கள். அடியில் சைலன்சரும் குழாயும் சட்டமும் ஒரே தகடாக, புடைப்புச் சிற்பத்தைப்போல் ஒட்டிக் கிடக்கும். திருத்துபவர் முதலில் அந்த ஓட்டையை அடைப்பார். நானும் அடைப்பேன், ஆனால் எல்லா வண்டியிலும் அல்ல. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உடலின் பிழைகளுக்கு வேறு காரணங்கள். அன்று கணினி இல்லை. கார் நிறுவனம் தந்த வரைபடத்தைப் பார்த்து மரத்தில் மாதிரியைவிடப் பெரிய உரு ஒன்றை ஒரு தச்சர் செதுக்குவார். பாண்டோகிராஃப் எந்திரத்தின் ஒரு முனை அந்த மர உருவைத் தடவிப்போக, மறுமுனை அதே வளைவைச் சிறிதாக்கி எஃகில் வெட்டும். அந்த எஃகுதான் அச்சு. வளைவு முதலில் செதுக்கியவரின் கண்ணைக் கடந்துதான் எஃகுக்கு வருகிறது. தவிர, புதிய கார் கடைக்கு வரும் நாளிலேயே பொம்மையும் வரவேண்டும். அதற்காகக் கார் நிறுவனம் மாதங்களுக்கு முன்பே வரைபடங்களைக் கொடுத்துவிடும். அதன்பிறகு வடிவமைப்புக் கூடத்தில் யாராவது ஒரு குரோம் பட்டையை மாற்றினால், கார் ஒருவிதமாகவும் பொம்மை வேறுவிதமாகவும் ஆகும். வார்ப்பின் நிர்ப்பந்தமும் உண்டு. எஃகு அச்சிலிருந்து உடல் கிழியாமல் வெளியே வரவேண்டுமென்றால் செங்குத்தான பக்கங்களுக்குக் கொஞ்சம் சரிவு கொடுக்கவேண்டும். அச்சின் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் மட்கார்டின் முதுகில் மெல்லிய தழும்புக் கோடு விழும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது தடித்த இடம் உள்வாங்கிப் பள்ளமாகும். இவற்றை நான் பிழை என்றே எண்ணுவதில்லை. உப்புத்தாளும் கொஞ்சம் பட்டியும் போதும்.

கூரைதான் பிழை. அமெரிக்கக் கார்க் கிட்களில் பெரிய குறை எங்கே என்று இந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டால், பெரும்பாலும் கன்னக்கோட்டுக்கு மேலே, கண்ணாடிகள் இருக்கும் பகுதியைத்தான் காட்டுவார்கள். அந்தப் பகுதி தாழ்ந்திருக்கும், அல்லது குறுகியிருக்கும், அல்லது பின்தூண் வேண்டிய சாய்வில் இருக்காது.

என் மேசையில் இப்போது இருக்கும் பெல் ஏர் இருகதவு வண்டியில் கூரை தாழ்வு. தரையிலிருந்து அளந்தால் இது தெரியாது. டயர் எவ்வளவு பருமன், ஸ்பிரிங் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கலந்துவிடும். உடலை மட்டும் தனியாக எடுத்து, கதவின் கீழ்விளிம்பிலிருந்து கூரையோரத்து மழைநீர்க் கால்வாய் வரை அளக்கவேண்டும். பிறகு கதவின் தகட்டு உயரத்துக்கும் ஜன்னல் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிடவேண்டும். இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தந்தன: ஜன்னலில் ஒரு மில்லிமீட்டர் குறைகிறது.

அறுப்பது சுலபம். தூண்களைச் சுற்றி ஒட்டுநாடாவைச் சுற்றி அதன் விளிம்பையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பல் நெருங்கிய மெல்லிய ரம்பத்தால் இழுத்தால் கூரை தனியாகக் கையோடு வந்துவிடும். சிரமம் அதற்கப்புறம். 1957 செவர்லேயின் முன்கண்ணாடி இருபுறமும் வளைந்து பக்கவாட்டுக்குச் செல்வது. ஆகவே முன்தூண் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். பின்தூணோ முன்பக்கம் சாய்ந்து ஏறும். கூரையை நேராக ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் முன்தூணின் வெட்டு முகங்கள் இரண்டும் ஒன்றுக்கு நேர் ஒன்றாக நிற்கும். பின்தூணில் மேல்துண்டு பின்னுக்குத் தள்ளி நிற்கும். அங்கே ஓர் ஆப்பு வைத்துச் சாய்வை மாற்றலாம். அல்லது கூரையையே குறுக்கே வெட்டி அந்த வித்தியாசத்தைப் பிடிக்கலாம். நான் சாய்வைத் தொடவில்லை. அந்தக் காரைத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவதே பின்தூணின் சாய்வுதான். கூரையின் நடுவே, யார் கண்ணும் நிலைக்காத சமதளத்தில் ஒரு வெட்டுப்போட்டு, நீளத்தைச் சரிக்கட்டினேன். தூண்களில் ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரின் பட்டைத் துண்டுகளை வைத்துத் திரவப் பசையைத் தூரிகையால் தொட்டு விட்டதும், பசை இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிட்டது. இந்த இணைப்பை நாட்கணக்கில் காயவிட வேண்டும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே இளகியே இருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்து வண்ணம் அடித்தால், மாதங்கள் கழித்து அந்த இடம் உள்வாங்கி, வண்ணத்தின் அடியிலிருந்து வெட்டுக்கோடு மேலே வரும்.

கூரை ஏறியதும் கண்ணாடி பொருந்தாது. கிட்டின் முன்கண்ணாடி ஒரே வார்ப்பு. இப்போது மேலே ஒரு மில்லிமீட்டர் சந்து. பிறகு மரத்தில் ஒரு சிறு உரு செதுக்கி, தெளிந்த தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் இழுத்து வளைத்துப் புதிய கண்ணாடி செய்யவேண்டும். உள்ளே கூரையின் துணிவிரிப்பு, சூரியத் தடுப்பு, பின்பார்வைக் கண்ணாடி என்று ஒவ்வொன்றும் இடம் மாறும். ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால் பத்து இடத்தில் கை வைக்க நேர்கிறது.

எங்கள் தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவரிடம், சாம்பல்நிறப் பிரைமர் அடித்த நிலையில் இந்த உடலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்பாசடர் காலத்திலிருந்து தகடு தட்டுபவர். அறுத்த இடம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

“பாத்தா தெரியாது தம்பி” என்றார். சட்டைப்பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து விரல்நுனியில் போர்த்தி, கூரையின்மேல் மெதுவாக ஒருமுறை இழுத்தார். பெரிய காரில் உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே துணி போட்டு இப்படித்தான் நெளிவு தேடுவார். “இது சரியா இருக்கு. ஆனா இங்க பாருங்க, கன்னத்துல ஓடுற கோடு. இங்க வரைக்கும் கூர்மையா வருது, இங்க செத்துப்போச்சு. நீங்க தேச்சதா?”

“இல்லண்ணே, அச்சுலயே அப்படித்தான் வந்திருக்கு.”

“அப்ப கம்பெனிக்காரனே விட்டுட்டான். கோடு செத்தா தகடுக்கு உசிரு இல்ல. இத எழுப்புங்க மொதல்ல.”

கூரையில் நான் மூழ்கிக் கிடந்தபோது இந்தக் கோட்டை நான் அளந்திருக்கவில்லை. அளக்க அதில் எண்ணும் இல்லை. அது ஒரு கூர்மை மட்டும். கோட்டின் மேலே ஒட்டுநாடாவைப் போட்டு, கீழே மட்டும் மெல்லப் பட்டி ஏற்றி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, பிறகு நாடாவை மாற்றிப் போட்டு மேற்பக்கம் தேய்த்தால் இரண்டு தளங்களும் சந்திக்கும் விளிம்பு மறுபடி எழும். தகடு தட்டுபவர் பெரிய காரில் செய்வதும் இதேதான். கட்டை மட்டும் பெரிது.

ஆனால் எண்களோடு எனக்கு உள்ள வழக்கு இங்கே முடியவில்லை. சரியாக அளந்து கட்டிய மாதிரிகள்கூடச் சில சமயம் தவறாகத் தெரியும். அதன் காரணத்தை வெகுநாள் யோசித்திருக்கிறேன். காருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபத்தைந்தில் ஒரு பங்கில் அது 64 மில்லிமீட்டர். மேசையில் வைத்த மாதிரியை யாரும் அப்படிக் குனிந்து பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது சென்டிமீட்டர் மேலேயிருந்து பார்க்கிறோம். அது உண்மைக் காரை ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கேயிருந்து பார்த்தால் கூரையும் பானெட்டும் விரிந்து பரவும், பக்கவாட்டு ஒடுங்கும். எந்த ஹார்லி ஏர்லும் பால்கனிக்காரருக்காகக் கார் வரையவில்லை. மாதிரியின் கூரை ‘அகலமாகத் தெரிகிறது’ என்று சொல்லி அதைக் குறுக்குவதற்கு முன், தாடையை மேசை விளிம்பில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கவேண்டும். திருத்தவேண்டும் என்று தோன்றிய பாதி விஷயங்கள் அந்த இடத்தில் காணாமல் போய்விடும். மீதிப் பாதிதான் பிழை.

புகைப்படமும் ஏமாற்றும். காரை நெருங்கி நின்று அகலக்கோண லென்சில் எடுத்த படத்தில் முன்பக்கம் ஊதிப் பெருத்து, பின்பக்கம் சுருங்கிவிடும். அந்தப் படத்தை வைத்துத் திருத்தினால் புதிய பிழை ஒன்றை உருவாக்கியவர்களாவோம். வெகுதூரத்திலிருந்து நீண்ட லென்சில், காரின் நடுவுக்கு நேராக நின்று எடுத்த படம்தான் அளவுக்கு ஆகும். அப்படிப்பட்ட படங்கள் அபூர்வம். கார்க்காரர்கள் அழகான மூலையிலிருந்துதான் படம் எடுப்பார்கள்.

இதையும் தாண்டி ஓர் ஏமாற்று இருக்கிறது. அது நம் நினைவுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார் விளம்பரங்களில் பெரும்பகுதி புகைப்படம் அல்ல, ஓவியம். 1959 முதல் 1971 வரை போன்டியாக் கார்களுக்கு ஆர்ட் ஃபிட்ஸ்பேட்ரிக் காரை வரைவார், வான் காஃப்மன் பின்னணியையும் மனிதர்களையும் வரைவார். அந்த ஓவியங்களில் கார் உண்மையைவிட அகலம். தரையோடு படிந்து நிற்கும். பார்த்தவர் மனத்தில் போன்டியாக் என்றால் அந்த அகலம்தான். பின்னாளில் அதே காரைத் தெருவில் பார்த்தபோது கண் அந்த ஓவியத்தையே அதன்மேல் போர்த்திக்கொண்டது. அப்படிப்பட்ட கண்ணோடு ஒருவர் மரத்தில் கார் செதுக்கினால் கூரையை எங்கே வைப்பார்? தாழ்ந்த கூரையுள்ள பழைய கிட்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தச்சர்மேல் கோபம் வருவதில்லை. காரை விற்றவர்கள் காட்டிய காரைத்தான் அவர் செதுக்கியிருக்கிறார்.

ஜப்பானியர்கள் இதை வேறுவிதமாக அணுகினார்கள். ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1970களின் நடுவில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் போர்ஷ் 934 காரைக் கொண்டுவந்தபோது, ஷுன்சாகு தமியா உண்மையான போர்ஷ் 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அதைத் தன் ஆட்களோடு சேர்ந்து பிரித்துப் போட்டுப் பார்த்தார். மரத்தையும் வரைபடத்தையும் நம்பாமல் காரையே நம்பிய முறை அது. அதன் பலன் கையில் எடுத்தாலே தெரியும்: பாகம் பாகத்தைத் தேடிப்போய் உட்காரும். அவர்களுடைய வழக்கமான அளவு இருபத்துநாலில் ஒன்று. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் சக்கர இடைவெளி 2400 மில்லிமீட்டர். அந்த அளவில் அது நூறு மில்லிமீட்டராக வந்து நிற்கும்போது, மெட்ரிக்கில் பிறந்த கார்களுக்கென்றே அந்த அளவை யாரோ யோசித்ததுபோல் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. கிட் உடலின் பிளாஸ்டிக் ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் என்றால், உண்மையில் அது மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள இரும்பு. பீரங்கி வண்டிக்குப் போடும் தகடு. கதவிடுக்கு காரில் ஐந்து மில்லிமீட்டர், மாதிரியில் 0.2. பிரைமர், வண்ணம், மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் கனத்தில் இரு சுவரிலும் படிந்தால் அந்த இடுக்கே அடைபட்டுவிடும். அதனால்தான் வண்ணத்துக்கு முன்பே கத்தியின் முதுகால் கதவுக் கோடுகளை ஆழமாக்குகிறோம். சக்கர வளைவையும் ஜன்னல் ஓரத்தையும் உட்புறமிருந்து சுரண்டி, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் மெலிதாக்குகிறோம். வண்ணத்தைச் சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காமலிருப்பது நல்லது. காற்றிலுள்ள ஈரம் லேக்கரில் இறங்கி வெளுப்பாகப் பூத்துவிடும்.

சக்கரத்தையும் சொல்லிவிடவேண்டும். செவர்லே 1956 வரை 15 அங்குலச் சக்கரத்தில் ஓடியது. 1957இல் 14 அங்குலத்துக்கு மாறியது. காரைத் தாழ்த்தியதில் அதற்கும் பங்குண்டு. கிட் தொழிலில் ஒரே டயரைப் பல கார்களுக்குப் போடுவது வழக்கம் என்பதால், முதலில் ரிம்மை அளந்துவிடுவது என் பழக்கம். 14.2 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். டயரை மாற்றினாலே பாதி வண்டி சரியாகிவிடும் சமயங்கள் உண்டு.

இவ்வளவு அறுத்துத் திருத்துகிற நான் கைவைக்கவே விரும்பாத கிட்களும் இருக்கின்றன. ஜோ-ஹானின் கிரைஸ்லர் டர்பைன் கார் அவற்றில் முதலாவது. விமானத்தில் இருப்பதுபோன்ற சுழலி எஞ்சினைக் காரில் வைத்துப் பார்த்தது கிரைஸ்லர். உடல் இத்தாலியின் டூரின் நகரில் கட்டப்பட்டது. சோதனை வண்டிகள் ஐந்து, பொதுமக்களுக்கு ஐம்பது, மொத்தம் 55. அந்த ஐம்பதையும் 1963 முதல் 1966 தொடக்கம் வரை 203 குடும்பங்களுக்கு மூன்று மாதம் மூன்று மாதமாக ஓட்டக் கொடுத்தார்கள். திட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கி, 55இல் ஒன்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற 46 கார்களையும் அழித்துவிட்டார்கள். செம்பு வண்ணத்தில் பளபளத்த உடல்கள் நசுங்கியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறமாட்டேன் என்கிறது. அந்தக் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைச் செய்தவர்களின் ஒப்புதலோடு டெட்ராய்ட்டில் வார்த்த உரு ஜோ-ஹானுடையது. அதில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், அது அன்றைக்கு அந்தக் காரைப் பார்த்தவர் இட்ட கோடு. நான் அதைச் சுத்தம் செய்வேன், தழும்பைத் தேய்ப்பேன். அறுக்கமாட்டேன். அதேபோல், கார் கடைக்கு வந்த அதே ஆண்டில் வெளிவந்த எந்தக் கிட்டிலும் எஞ்சின் ஓட்டையை அடைக்கமாட்டேன். அது அந்தப் பொருளின் பிறப்புச் சான்று.

பின்னால் வந்த கிட்கள் வேறு கதை. பழைய காரை நினைவுகூர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்து அச்சுச் செய்தவை அவை. அவற்றிடம் நான் கண்டிப்பாக இருக்கிறேன். காரும் கிடைக்கிறது, அளவுகோலும் இருக்கிறது.

பழைய கிட்களை அப்படியே காப்பதும் எளிதல்ல. 1950களின் விளம்பரக் கார்களை அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். அது வருடங்கள் போகப் போக வற்றி நெளிந்துவிடும். கூரை குழிந்து பம்பர் வில்லாகிவிடும். 1960களின் தொடக்கத்தில் பாலிஸ்டைரினுக்கு மாறியபின் உடல் பிழைத்தது. ஆனால் பெட்டிக்குள்ளேயே வேறோர் எதிரி இருந்தது. வினைல் டயரை மெதுவாக வைத்திருக்கும் ரசாயனம் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரினை உருக்கிவிடும். பிரிக்காத பழைய பெட்டியைத் திறந்து, கண்ணாடிப் பாகத்தில் டயரின் பூத்தடம் பதிந்து உருகிப்போயிருப்பதைப் பார்த்தவர்கள் டயரைத் தனி உறையில் போட்டுவைப்பார்கள். பெட்டி யாரிடமாவது கிடைத்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இன்று பல நிறுவனங்கள் லேசர் கருவியால் உண்மைக் காரை வருடி, அந்தப் புள்ளிகளிலிருந்தே அச்சு வெட்டுகின்றன. தச்சரின் கண் இடையில் இல்லை. பிழைக்கு இனி வழியில்லை என்று தோன்றும். ஆனால் எந்தக் காரை வருடினார்கள்? இன்றுள்ள 1957 பெல் ஏர்களில் நன்றாக இருப்பவை பெரும்பாலும் புனரமைத்தவை. தகடு மாற்றியிருக்கலாம். புது ஸ்பிரிங் போட்டதில் வண்டி உயர்ந்து நிற்கலாம், அல்லது அறுபது வருடச் சுமையில் தாழ்ந்திருக்கலாம். டயர் இன்றைய ரேடியலாக இருக்கலாம். கதவிடுக்குகள் நாலு பக்கமும் ஒரே சீராக இருந்தால், அது 1957இல் தொழிற்சாலை விட்ட சீர் அல்ல. அன்றைய வேகத்தில் தொழிற்சாலை அவ்வளவு பொறுமையாக எதையும் செய்யவில்லை. புனரமைப்பவர் தன் அன்பில் காரை அதன் பிறப்பைவிட அழகாக்கிவிடுகிறார். லேசர் அந்த அன்பையும் சேர்த்து அளந்துவிடுகிறது. பழைய கிட்டில் தச்சரின் கண் ஒளிந்திருந்ததுபோல், புதிய கிட்டில் புனரமைத்தவரின் கை ஒளிந்திருக்கிறது.

ஆகவே என் பெல் ஏருக்கு நான் எடுத்த முடிவுகள்: கூரை ஏறியது ஏறியதுதான். கன்னக்கோடு கூர்மையாக இருக்கும். பெல் ஏருக்கே உரிய பொன்னிற முன்வலையும், பின்சிறகில் பதிந்த வரிவரியான அலுமினியத் தகடும் அதனதன் நிறத்தில் வரும். இடது சிறகின் குரோம் பட்டைக்குள் பெட்ரோல் மூடியை ஒளித்துவைத்தார்கள் அல்லவா, அதன் சந்துக்கோடு கிட்டில் இல்லை; அதைக் கீறிவிடுவேன். கதவிடுக்குகளை மட்டும் கிட் தந்தபடியே, முன்விளிம்பில் கொஞ்சம் அகலமாகவே விடப்போகிறேன்.

கிட் செய்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். வழிகாட்டித் தாளின் ஏதாவது ஒரு மூலையில், எந்தக் காரை அளந்தார்கள் என்று இரண்டு வரி அச்சிடுங்கள்: எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, புனரமைத்ததா இல்லையா, அளந்தபோது எந்த டயரில் நின்றது. கூரை எவ்வளவு என்று அதன்பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.